எல்லா செல்லுக்கும் ஒரே டி.என்.ஏ.தான், அப்புறம் டி செல் எப்படி டி செல் ஆகிறது?

வெள்ளணு எழுதியது:

2025ஆம் ஆண்டு மருத்துவ நோபல் மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சாகாகுச்சி மூவருக்கும் கிடைத்த பிறகு ஃபாக்ஸ்பி3 என்ற மரபணுவின் பெயர் நிறையப் பேருக்குத் தெரிந்துவிட்டது. டி செல் என்பது நோயை எதிர்க்கும் ஒரு வகை ரத்த வெள்ளை அணு. நம் உடலையே தாக்கக்கூடிய டி செல்களை அடக்கி வைப்பவை டி-ரெக் செல்கள், அவற்றை உருவாக்குவது ஃபாக்ஸ்பி3. இந்த அளவு எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் அந்த மரபணு நம் கல்லீரல் செல்லிலும் இருக்கிறது, மூளை செல்லிலும் இருக்கிறது. அங்கெல்லாம் வாய் திறக்காத ஒரு மரபணு, டி செல்கள் வளரும் தைமஸ் சுரப்பியில் குறிப்பிட்ட சில செல்களில் மட்டும் ஏன் பேசுகிறது? பேசத் தொடங்கிய பிறகு, அந்தச் செல் பலமுறை பிரிந்து பெருகினாலும் ஏன் அடங்குவதில்லை? நோயெதிர்ப்பு செல்களின் வளர்ச்சி என்பதே என்னைப் பொறுத்தவரை இந்த இரண்டு கேள்விகள்தான். மரபணுவின் பெயரைத் தெரிந்துகொள்வது அதில் சின்னப் பகுதி.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எலும்பு மஜ்ஜையில் உள்ள ரத்த மூலச்செல்லிலிருந்து சிவப்பணு, ஆன்டிபாடி தரும் பி செல், டி செல், கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் எல்லாம் வருகின்றன. பி, டி செல்கள் வளரும்போது ஆன்டிபாடி மரபணுக்களையும் டி செல் ஏற்பி மரபணுக்களையும் வெட்டி ஒட்டுகிற இடங்களையும், முதிரும்போது உட்கருவையே இழக்கும் சிவப்பணுவையும் தவிர்த்தால், அவற்றின் டி.என்.ஏ. ஒன்றுதான். எந்தப் பகுதி திறந்திருக்கிறது, எந்தப் பகுதி சுருட்டி மூடப்பட்டிருக்கிறது, எந்தப் புரதம் எங்கே வந்து உட்கார்கிறது என்பதில்தான் வேறுபாடு. புரதத்தை உருவாக்கும் பகுதிக்கு வெளியே, சில சமயம் லட்சக்கணக்கான டி.என்.ஏ. எழுத்துகள் தள்ளி, என்ஹான்சர் என்ற துண்டுகள் இருக்கும். மரபணுவை எந்தச் செல்லில் எப்போது இயக்குவது என்று முடிவெடுப்பவை பெரும்பாலும் அவைதான்.

எந்தப் பக்கத்திலிருந்து வேண்டுமானாலும் பேசுங்கள்.

பிளஸ்டூ உயிரியல் எழுதியது:

நல்ல இழை. நான் மேல்நிலை வகுப்பு ஆசிரியை. மாணவர்களுக்குச் சொல்லும்போது ஒவ்வொரு வகைச் செல்லுக்கும் ஒரு தலைமை மரபணு என்று சொல்லிவிடுவேன். பி செல்லுக்கு பேக்ஸ்5, டி செல்லுக்கு பிசிஎல்11பி, டி-ரெக் செல்லுக்கு ஃபாக்ஸ்பி3. தலைமை மரபணு இயங்கினால் செல் அந்த வகையாக மாறும். இதில் போதாமை என்ன இருக்கிறது? பிள்ளைகளுக்குப் புரிகிறதே.

வெள்ளணு எழுதியது:

டீச்சர், அந்தப் பட்டியல் சரியானதுதான். ஆனால் தலைமை மரபணுவை இயக்குவது யார் என்று ஒரு பிள்ளை கேட்டால் என்ன சொல்வீர்கள்? அதற்கு மேலே இன்னொரு தலைமை என்று சொல்லிக்கொண்டே போனால் முடிவே கிடையாது. இதற்கு அழகாக ஒரு பதில் தந்த சோதனை இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எலும்பு மஜ்ஜையிலிருந்து தைமஸுக்கு வந்து சேரும் முன்னோடி செல் உடனே டி செல் ஆகிவிடாது. வந்த புதிதில் அது மேக்ரோஃபேஜ் ஆகலாம், டென்ட்ரிட்டிக் செல் ஆகலாம், என்.கே. செல்லும் ஆகலாம் (இவையும் நோயெதிர்ப்பு செல்கள்தான்). தைமஸின் உட்சுவர் செல்கள் தரும் நாட்ச் என்ற சமிக்ஞையால் டிசிஎஃப்1, காட்டா3 போன்ற, மரபணுக்களை இயக்கும் புரதங்கள் அதற்குள் சேர்கின்றன. அப்புறம் ஒரு கட்டத்தில் பிசிஎல்11பி இயங்கத் தொடங்குகிறது. அதோடு மற்ற வழிகள் அடைபடுகின்றன. பிசிஎல்11பியை நீக்கினால் செல்கள் வழியிலேயே தங்கி, என்.கே. செல்லைப் போல மாறுகின்றன என்று 2010இல் ஒரே சமயத்தில் மூன்று குழுக்கள் காட்டின.

இதில் விசித்திரம் என்னவென்றால், இயக்குவதற்குத் தேவையான புரதங்கள் எல்லாம் வந்து சேர்ந்த பிறகும் பிசிஎல்11பி சில நாட்கள் தாமதித்துத்தான் எழுகிறது. ஏதோ ஒரு புரதம் இன்னும் வரவில்லையா, அல்லது டி.என்.ஏ. மூடிக் கிடப்பதால் தாமதமா? எலன் ராதன்பெர்க், ஹாவோ யுவான் குவே குழுவினர் 2018இல் இதைப் பிரித்துப் பார்த்தார்கள். எலியின் ஒவ்வொரு செல்லிலும் பிசிஎல்11பியின் பிரதிகள் இரண்டு, தாய் வழி ஒன்று, தந்தை வழி ஒன்று. ஒரு பிரதியில் மஞ்சள் ஒளிரும் புரதத்தையும், இன்னொன்றில் சிவப்பையும் சேர்த்தார்கள். புரதப் பற்றாக்குறைதான் காரணம் என்றால், அது கிடைத்ததும் இரண்டு பிரதிகளும் ஏறக்குறைய சேர்ந்தே ஒளிர வேண்டும், ஒரே உட்கருவுக்குள்தானே இரண்டும் இருக்கின்றன.

அப்படி நடக்கவில்லை. மஞ்சள் மட்டும் ஒளிரும் செல்கள் கிடைத்தன, சிவப்பு மட்டும் ஒளிரும் செல்களும் கிடைத்தன. ஒரு பிரதி எழுந்து நாட்கள் கழிந்தும் மற்றது மௌனமாகவே இருந்தது. அதே புரதங்கள், அதே உட்கரு. ஆக தாமதம் அந்தந்தப் பிரதியின் மேலேயே இருக்கிறது: டி.என்.ஏ. எவற்றின் மேல் சுற்றப்பட்டிருக்கிறதோ அந்த ஹிஸ்டோன் புரதங்களின் மேல் உள்ள, மரபணுவை அடக்கும் மெத்தில் என்ற வேதிக் குறிகளில். எப்போது விலகும் என்பது ஓரளவு தற்செயலையும் பொறுத்தது. மரபணுவிலிருந்து சுமார் எட்டரை லட்சம் எழுத்துகள் தள்ளி இருக்கும் என்ஹான்சர், அது எழுவதற்கான வாய்ப்பைக் கூட்டுகிறது. அந்த என்ஹான்சரை வெட்டி எடுத்தால் வாய்ப்பு குறைகிறது.

எனக்கு இது மிகவும் பிடித்த சோதனை. ஒரு செல் டி செல் ஆகும் நேரத்தை, புரதங்களோடு சேர்ந்து அதன் டி.என்.ஏ.வின் மூடிய நிலையும் முடிவு செய்கிறது என்பதை இரண்டு நிறங்கள் கண் முன்னால் காட்டிவிட்டன.

பைப்பெட் எழுதியது:

சோதனை அருமை, மறுக்கவில்லை. ஆனாலும் டீச்சர் பக்கம்தான் நான். தலைமை மரபணு என்ற கருத்தை அவ்வளவு சுலபமாகத் தள்ள முடியாது. இரண்டு ஆதாரம் சொல்கிறேன்.

ஒன்று, 2003இல் சாகாகுச்சி குழு சாதாரண டி செல்லுக்குள் ஃபாக்ஸ்பி3யை வலிந்து புகுத்தியபோது அந்தச் செல் மற்ற டி செல்களை அடக்கத் தொடங்கியது. ஒரே மரபணு, குணமே மாறிவிட்டது.

இரண்டு, பேக்ஸ்5. வியன்னாவில் மைன்ராட் புஸ்லிங்கர் குழு 1999இல் காட்டியது: பேக்ஸ்5 இல்லாத பி செல் முன்னோடிகள் வளர்ச்சியின் பாதியில் நின்றுவிடுகின்றன. ஆனால் சாவதில்லை. தகுந்த சூழல் கொடுத்தால் மேக்ரோஃபேஜ் ஆகின்றன, என்.கே. செல் ஆகின்றன, எலிக்குள் செலுத்தினால் டி செல்கூட ஆகின்றன. 2007இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். முழுதாக முதிர்ந்த பி செல்லில் பேக்ஸ்5யை அழித்தார்கள். அந்தச் செல்கள் எலும்பு மஜ்ஜைக்குத் திரும்பி, பின்னோக்கிப் போய், தைமஸில் டி செல்லாக வளர்ந்தன. அப்படி வந்த டி செல்களின் டி.என்.ஏ.வில் பழைய பி செல்லின் வெட்டி ஒட்டிய ஆன்டிபாடி மரபணு அப்படியே இருந்தது. வேறு எங்கிருந்தோ கலந்த செல் என்று யாரும் சொல்ல முடியாத சான்று அது.

ஒரு மரபணுவை எடுத்தால் அடையாளமே போகிறது, வைத்தால் அடையாளம் வருகிறது என்றால் அதைத் தலைமை என்று சொல்வதில் என்ன தவறு?

தரவுக்காரன் எழுதியது:

பைப்பெட், உங்கள் பேக்ஸ்5 உதாரணமே வெள்ளணு சொல்வதற்கு வலு சேர்க்கிறது என்று நினைக்கிறேன். முதிர்ந்த செல்லிலும் பேக்ஸ்5 ஒவ்வொரு நாளும் வேலை செய்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அடையாளம் என்பதைத் தொடர்ந்து பராமரிக்க வேண்டும், ஒரு தடவை முடிவெடுத்து விட்டுவிட முடியாது. இது படிப்புக்காக மட்டும் சொல்லும் விஷயமும் இல்லை. குழந்தைகளுக்கு வரும் பி செல் வகை ரத்தப் புற்றுநோயில் (லுக்கீமியா) ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில் பேக்ஸ்5 மரபணு சிதைந்திருப்பதை 2007இல் கண்டார்கள். வளர்ச்சி பாதியில் நின்ற செல் பெருகத் தொடங்கினால் நடப்பது அதுதான்.

ஃபாக்ஸ்பி3 விஷயத்தில் தலைமை என்ற சொல்லுக்கு இன்னும் சிக்கல் உண்டு. 2007இல் ஃபாக்ஸ்பி3 புரதமே உருவாகாத, ஆனால் அந்த மரபணு இயங்கினால் செல் பச்சையாக ஒளிரும் எலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். பச்சை செல்கள் வந்தன. அவற்றால் மற்ற செல்களை அடக்க முடியவில்லை, ஆனால் டி-ரெக் செல்லின் பல அடையாளங்கள் அவற்றிடம் இருந்தன. ஆக ஃபாக்ஸ்பி3 வருவதற்கு முன்பே அந்தப் பாதை பாதி போடப்பட்டிருக்கிறது. 2012இல் அலெக்சாண்டர் ருடென்ஸ்கி குழு ஃபாக்ஸ்பி3 எங்கெங்கே உட்காருகிறது என்று பார்த்தபோது, பெரும்பாலான இடங்கள் அது வருவதற்கு முன்பே திறந்திருந்தன. ஏற்கெனவே வேறு புரதங்கள் திறந்து வைத்த இடங்களில் வந்து உட்கார்ந்து வேலையை மாற்றுகிறது. அதன் பங்கு முக்கியமானது, ஆனால் பாதையைத் தொடங்கி வைத்தது அது இல்லை.

நள்ளிரவு டூட்டி எழுதியது:

குழந்தை மருத்துவத்தில் இருக்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு வார்த்தை. ஃபாக்ஸ்பி3 கெட்டால் என்ன ஆகும் என்பதை முதலில் காட்டியது ஸ்கர்ஃபி என்ற எலி. 1949இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் தானாகவே தோன்றியது. செதில் செதிலான தோல், வீங்கிய மண்ணீரல், நிணநீர் முடிச்சுகள். ஆண் குட்டிகளுக்கு மட்டும் வரும், சில வாரங்களில் இறந்துவிடும். பிரன்கோவும் ராம்ஸ்டெல்லும் எக்ஸ் குரோமோசோமில் சுமார் ஐந்து லட்சம் எழுத்துகள் கொண்ட பகுதி வரை நெருங்கி, அதில் இருந்த 20 மரபணுக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். கடைசி மரபணுவில்தான் பிழை இருந்தது, இரண்டே இரண்டு எழுத்துகள் கூடுதலாக. 2001இல் வெளியிட்டார்கள். மனிதக் குழந்தைகளுக்கு வரும் ஐபெக்ஸ் நோய்க்கும் அதே மரபணுதான் காரணம் என்று அதே ஆண்டு தெரிந்தது.

ஐபெக்ஸ் உள்ள ஆண் குழந்தைக்குப் பிறந்த சில வாரங்களில் அல்லது மாதங்களில் விடாத வயிற்றுப்போக்கு, சர்க்கரை நோய், எக்ஸிமா எல்லாம் சேர்ந்து வரும். எடை ஏறாது. கைக்குழந்தைக்குச் சர்க்கரை என்றாலே மரபணுப் பரிசோதனை செய்ய வேண்டும், அதோடு நிற்காத வயிற்றுப்போக்கும் இருந்தால் இந்த நோயை நினைக்காமல் விடக்கூடாது. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்தால் குணமாக வாய்ப்பு உண்டு, எவ்வளவு சீக்கிரம் செய்கிறோமோ அவ்வளவு நல்லது.

எனக்கு ஒரு கேள்வி. பிழையுள்ள எக்ஸ் ஒன்றைச் சுமக்கும் தாய்மார்கள் ஆரோக்கியமாக இருக்கிறார்கள். பெண்களின் ஒவ்வொரு செல்லிலும் ஒரு எக்ஸ் அடைக்கப்பட்டிருக்கும், அதுவும் சீரற்ற முறையில். அப்படியென்றால் பாதி டி-ரெக் செல்கள் கெட்டவையாக இருக்க வேண்டாமா?

வெள்ளணு எழுதியது:

டாக்டர், கெட்ட பிரதியைப் பயன்படுத்தும் முன்னோடிகள் நிலையான டி-ரெக் செல் ஆக முடியாது, நல்ல பிரதி உள்ளவை அந்த இடத்தை நிரப்பிவிடுகின்றன. அதனால்தான் தாய்க்கு ஒன்றும் ஆவதில்லை.

தரவுக்காரன் பராமரிப்பு பற்றிச் சொன்னார். ஃபாக்ஸ்பி3யின் சுவிட்சுகளைப் பற்றிப் பேச அதுதான் சரியான இடம். 2010இல் ருடென்ஸ்கி குழு ஃபாக்ஸ்பி3 மரபணுவுக்குள்ளேயே, புரதமாக மாறாத பகுதிகளில் மூன்று துண்டுகளை எடுத்தார்கள். சிஎன்எஸ்1, 2, 3 என்று பெயர். ஒவ்வொன்றையும் தனித்தனியாக நீக்கிய எலிகளை உருவாக்கினார்கள். புரதத்தின் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை.

சிஎன்எஸ்3 இல்லையென்றால் தைமஸில் உருவாகும் டி-ரெக் செல்களின் எண்ணிக்கை குறைகிறது. ஆனால் உருவானவை நன்றாகவே இருக்கின்றன. அது தொடங்கி வைக்கும் சுவிட்ச்.

சிஎன்எஸ்2 இல்லையென்றால் தொடக்கத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது. செல்கள் பிரியப் பிரிய, வழித்தோன்றல்கள் ஃபாக்ஸ்பி3யை இழக்கின்றன. அழற்சி உள்ள சூழலில் இன்னும் மோசம். சிஎன்எஸ்2வில், டி.என்.ஏ.வின் மேலேயே மெத்தில் குறிகள் ஒட்டக்கூடிய இடங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. சாதாரண டி செல்லில் அவற்றில் குறிகள் நிறைந்திருக்கும். நிலையான டி-ரெக் செல்லில் துடைத்து எடுக்கப்பட்டிருக்கும். துடைத்த இடத்தில் ஃபாக்ஸ்பி3 புரதமே மற்ற புரதங்களோடு வந்து உட்கார்ந்து தன் மரபணுவைத் தானே இயக்கிக்கொள்கிறது. செல் பிரியும்போது அந்தத் துடைத்த நிலையும் மகள் செல்களுக்குப் போகிறது. நான் முதலில் கேட்ட இரண்டாவது கேள்விக்கு விடை இந்தத் துண்டில்தான் இருக்கிறது.

சிஎன்எஸ்1 தனி ரகம். அதை நீக்கினால் தைமஸில் டி-ரெக் செல்கள் வழக்கம்போல உருவாகின்றன. தைமஸுக்கு வெளியே, குடல் போன்ற இடங்களில், சாதாரண டி செல் பிற்பாடு டி-ரெக் ஆக மாறுவது மட்டும் தடைபடுகிறது. டிஜிஎஃப் பீட்டா என்ற புரதம் தரும் சமிக்ஞையைக் கேட்கும் துண்டு அது. இந்தத் துண்டு நஞ்சுக்கொடி உள்ள பாலூட்டிகளிடம் மட்டுமே இருக்கிறது. கங்காரு வகை விலங்குகளிடம் இல்லை. ஏன் என்று 2012இல் பார்த்தார்கள். கருவில் பாதி தந்தையுடையது, தாயின் நோயெதிர்ப்புக்கு அது அந்நியம். சிஎன்எஸ்1 இல்லாத பெண் எலிகளை மரபில் வேறுபட்ட வகை ஆண் எலிகளோடு சேர்த்தபோது கருக்கள் அழிவது கூடியது. தந்தையும் அதே வகை என்றால் அந்த வேறுபாடு இல்லை.

ஒரே புரதம். அதைத் தொடங்க ஒரு சுவிட்ச், காப்பாற்ற ஒரு சுவிட்ச், கர்ப்பம் போன்ற சூழலில் புதிதாக உருவாக்க ஒரு சுவிட்ச். தலைமை மரபணு என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் இவ்வளவும் மறைந்துபோகும் என்பதுதான் என் ஆதங்கம், டீச்சர்.

பைப்பெட் எழுதியது:

சிஎன்எஸ்1 பற்றி ஒரு எச்சரிக்கை. நஞ்சுக்கொடி உள்ளவற்றிடம் மட்டும் இருக்கிறது என்பதால் அதற்காகவே வந்தது என்று சொல்லிவிட முடியாது. அதே எலிகளுக்குக் குடலிலும் நுரையீரலிலும் ஒவ்வாமை மாதிரியான அழற்சி வந்ததையும் அதே ஆண்டு காட்டினார்கள். குடலில் உள்ள பாக்டீரியாவையும் உணவையும் பொறுத்துக்கொள்வதற்காக வந்து, பிறகு கர்ப்பத்துக்கும் உதவியிருக்கலாம். எது முதலில் என்பதை நீக்கும் சோதனையை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது.

மூன்று துண்டுகளும் மூன்று வேலை செய்கின்றன என்பதை ஏற்கிறேன். ஃபாக்ஸ்பி3 இல்லாமல் அந்த மூன்றுக்கும் வேலை இல்லை என்பதையும் நீங்கள் ஏற்க வேண்டும்.

தரவுக்காரன் எழுதியது:

ஏற்கலாம். ஆனால் நோய்கள் எங்கே உருவாகின்றன என்று பாருங்கள். ஐபெக்ஸ் மாதிரி புரதமே உடையும் நோய்கள் அரிது. முடக்குவாதம், முதல் வகை சர்க்கரை, மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் போன்ற 21 தன்னெதிர்ப்பு நோய்களின் மரபு வேறுபாடுகளை 2015இல் அலசினார்கள். காரணமாக இருக்கக்கூடிய வேறுபாடுகளில் சுமார் 90 சதவீதம் புரதத்துக்கு வெளியே. சுமார் 60 சதவீதம் நோயெதிர்ப்பு செல்களின் என்ஹான்சர்களில். பலருக்கும் வரும் நோய்களில் புரதம் சரியாகத்தான் இருக்கிறது, அது எப்போது, எவ்வளவு வருகிறது என்பதில்தான் வழுக்கல்.

நீலமலை எழுதியது:

நான் நீலகிரிக்காரன், அதனால் இந்த இழையில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். இந்தியாவில் சிக்கிள் செல் நோயின் (சிவப்பணு அரிவாள் போல வளையும் நோய்) மரபணு இருப்பது முதலில் தெரியவந்தது 1952இல், நீலகிரிப் பழங்குடிகளிடம். அந்த நோய்க்கு 2023இல் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதித்த முதல் கிரிஸ்பர் (டி.என்.ஏ.வை வெட்டித் திருத்தும் முறை) சிகிச்சை, நீங்கள் பேசும் விஷயத்தை நம்பியே இருக்கிறது.

கருவில் இருக்கும்போது நமக்கு வேறு ஹீமோகுளோபின். பிறந்த பிறகு அதை அடக்குவது பிசிஎல்11ஏ, நீங்கள் பேசிய பிசிஎல்11பியின் உறவு. பிசிஎல்11ஏவை அடக்கினால் கருவின் ஹீமோகுளோபின் திரும்பும், நோய் தணியும். ஆனால் பிசிஎல்11ஏ இல்லாவிட்டால் பி செல் வளராது என்று 2003இலேயே எலிகளில் தெரிந்துவிட்டது. சிவப்பணுவைக் காப்பாற்றப் போய் நோயெதிர்ப்பைக் கெடுக்க முடியுமா? 2013இல் வழி கிடைத்தது. பிசிஎல்11ஏவுக்குள் சிவப்பணு வரிசையில் மட்டும் இயங்கும் ஒரு என்ஹான்சர். அதை வெட்டினால் சிவப்பணு முன்னோடிகளில் பிசிஎல்11ஏ விழுகிறது, பி செல் வரிசையில் அப்படியே இருக்கிறது. சிகிச்சை அந்தத் துண்டைத்தான் வெட்டுகிறது. அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். எங்கள் மலைக்கு அது எப்போது வரும் என்ற கவலை எனக்கு உண்டு, வந்தே ஆக வேண்டும்.

நள்ளிரவு டூட்டி எழுதியது:

நீலமலை, நன்றி. ஐபெக்ஸுக்கும் இதே பாடம் பொருந்துகிறது. மூலச்செல்லுக்குள் எப்போதும் இயங்கும் ஃபாக்ஸ்பி3யைப் புகுத்தினால் ஆபத்து, மூலச்செல்லுக்கும் சாதாரண டி செல்லுக்கும் அது வேண்டாத புரதம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் குழு 2019இல் ஃபாக்ஸ்பி3யை அதன் சொந்த சுவிட்சுகளோடு, அதாவது வெள்ளணு சொன்ன அந்த மூன்று துண்டுகளையும் சேர்த்து, வைரஸ் வழியாக மூலச்செல்லில் வைத்தது. ஸ்கர்ஃபி எலிகளில் டி-ரெக் செல்கள் திரும்ப உருவாகி நோய் தணிந்தது. புரதம் சரியான செல்லில் மட்டும் எழுந்தது.

பிளஸ்டூ உயிரியல் எழுதியது:

மூன்று சுவிட்ச் கதையை வகுப்பில் சொல்லப் போகிறேன். பைப்பெட் சொன்ன பேக்ஸ்5 எலியையும் சேர்த்து. ஒரு சந்தேகம் மட்டும். ரத்தத்தில் ஒருவருக்கு எத்தனை டி-ரெக் செல் இருக்கிறது என்று ஃபாக்ஸ்பி3 புரதத்தைச் சாயமேற்றி எண்ணிவிடலாமா?

பைப்பெட் எழுதியது:

எலியில் பெரும்பாலும் எண்ணலாம் டீச்சர். மனிதரில் அது போதாது. சாதாரண டி செல்லைத் தூண்டினாலே கொஞ்ச நேரத்துக்கு ஃபாக்ஸ்பி3 தலைகாட்டிவிட்டுப் போகும். அதனால் சிடி25 அதிகம், சிடி127 குறைவு என்ற மேற்பரப்பு அடையாளங்களையும் சேர்த்துப் பார்ப்போம். இன்னும் உறுதி வேண்டுமென்றால் சிஎன்எஸ்2வில் மெத்தில் குறி துடைக்கப்பட்டிருக்கிறதா என்று டி.என்.ஏ.வைப் பரிசோதிப்போம், தற்காலிகமாக எழும் செல்லில் அது துடைக்கப்பட்டிருக்காது. அதில் ஒரு நுணுக்கம்: மாதிரி பெண்ணுடையது என்றால் வரும் எண்ணை இரண்டால் பெருக்க வேண்டும். டாக்டர் சொன்ன அடைக்கப்பட்ட எக்ஸில் இருக்கும் பிரதி டி-ரெக் செல்லிலும் மெத்தில் குறியோடுதான் இருக்கும். பெருக்காமல் விட்டால் பெண்களுக்கெல்லாம் டி-ரெக் செல் பாதிதான் இருக்கிறது என்று அறிக்கை போய்விடும்.